பினாங்கு ஜார்ஜ் டவுனில் பழைய படம் புதுப்பிக்கும் ஒரு கடை: தாத்தாவும் அவருடைய ஒரு ஜோடி வேட்டை நாயும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய குடும்பப் படம் கையில் இருந்து, அதில் இருப்பது யார் எவர் என்று சொல்ல வீட்டில் ஓர் ஆளாவது மிச்சம் இருந்தால், காலம் தாழ்த்தாமல் இந்தக் கடைக்குப் போங்கள். சூலியா ஸ்திரீட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. மாதத்துக்கு ஏழெட்டு வேலைக்கு மேல் எடுக்க முடியாது, பெயரைப் பொதுவில் போட்டுவிடாதே அம்மா என்று கடைக்கார ஐயா கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. வேண்டியவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், வழி சொல்கிறேன்.

நான் கொண்டுபோனது உள்ளங்கையளவுப் படம். பின்பக்கம் பென்சிலில் 'ஊட்டி 1934' என்று எழுதியிருக்கிறது. படத்தில் என் தாத்தா, வயது பத்தொன்பது, முழங்கால் வரை சுருட்டிக் கட்டிய ஏதோ ஒரு கால்சட்டை, தலைப்பாகை, கையில் தோல்வார். வாரின் முனையில் இரண்டு பெரிய நாய்கள். அந்த நாய்கள்தான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ரோஸ்மேரியும் ரேஞ்சரும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை, ஆனால் ஆயர் ஈத்தாம் வீட்டில் அந்த இரண்டு பெயரையும் கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது.

தாத்தா ஊட்டியில் வெள்ளைக்காரர்களின் வேட்டை நாய்ப்பட்டியில் டாக் பாயாக, அதாவது நாய்களைப் பார்த்துக்கொள்ளும் பையனாக, வேலை பார்த்தவர். ஊட்டியில் நரி வேட்டை 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது, குதிரையேறி, நாய்க்கூட்டத்தை விட்டு, கொம்பூதி விரட்டுகிற அதே இங்கிலாந்து முறை. இங்கிலாந்தில் விரட்டுவது சிவப்பு நரியை. அந்தச் சாதி நீலகிரியில் இல்லை, அதனால் அங்கே விரட்டியது நம் ஊர் ஊளையிடும் நரி, ஆங்கிலத்தில் ஜாக்கல் என்பார்கள். இடம் வென்லாக் டவுன்ஸ் புல்வெளி, சென்னை மாகாண கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரில். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே, குளிர். கீழே சமவெளியில் வெயில் தாங்காமல் சுருண்டுவிடுகிற இங்கிலாந்து நாய்களுக்கு அந்த மேடு ஒத்துக்கொண்டது என்பார் தாத்தா. 1937இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் நோய்க் கண்காணிப்புக்காகச் சில நாள் தங்கவைத்து, அப்புறம் பினாங்குத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மலாயாக் காட்டில் நரியே கிடையாது, செந்நாய் மட்டும்தான். நரியில்லாத ஊரில் ஐம்பது வருடம் இருந்து நரி வேட்டை நாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மனிதர்.

சரி, கடைக்கு வருகிறேன். இந்தக் கடைக்குப் போவதற்கு முன்பு வேறோர் இடத்தில் கொடுத்து மனம் நொந்த கதையைச் சொன்னால்தான் இந்த ஐயாவின் வேலை புரியும். அது ஒரு பேரங்காடிக்குள் இருக்கும் கடை, பெயர் வேண்டாம். ஸ்கேன் செய்து, கணினியில் போட்டு, அரை மணி நேரத்தில் கலர் படம், 90 வெள்ளி (ரிங்கிட்). வாங்கிப் பார்த்தால் தாத்தாவின் முகம் பளிங்கு மாதிரி இருக்கிறது, யாரோ ஒரு நடிகர். நாய் இரண்டும் பெரிய கண்ணும் குட்டி மூக்குமாக, பீகிள் என்ற சின்ன வேட்டை நாய்ச் சாதி ஆகிவிட்டன. நிறம் தெருநாய் மஞ்சள். எல்லாவற்றையும்விட மோசம், இரண்டு நாயின் கழுத்துப் பட்டைகளையும் இணைக்கும் குட்டைச் சங்கிலி காணாமல் போயிருந்தது. கீறல் என்று நினைத்து மென்பொருள் அழித்துவிட்டது. கேட்டதற்கு 'அது ஸ்கிராட்ச் அக்கா' என்றார் அந்தப் பையன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவரும் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சங்கிலி இல்லையென்றால் அந்தப் படமே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். நரி வேட்டைக்கென்றே வளர்க்கும் இந்த நாய்ச் சாதிக்கு ஃபாக்ஸ்ஹவுண்டு என்று பெயர். ஃபாக்ஸ்ஹவுண்டைத் தனித்தனியாக எண்ண மாட்டார்கள். ஜோடிக் கணக்குதான். முப்பத்தைந்து நாய் இருந்தால் பதினேழரை ஜோடி. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால் இந்தச் சங்கிலியிலிருந்துதான். இரண்டு கழுத்துப் பட்டை, நடுவில் ஒரு சாணுக்கும் குறைவான சங்கிலி, முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு சுழல் வளையம். புதிதாகப் பட்டிக்கு வந்த இளநாயை அனுபவமுள்ள கிழநாயோடு இப்படிப் பூட்டிவிடுவார்கள். கிழம் திரும்பினால் இளசும் திரும்ப வேண்டும், கிழம் நின்றால் இளசும் நிற்க வேண்டும். ஆடு மாட்டைப் பார்த்துத் துள்ளக் கூடாது, கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டும், எல்லாம் அந்தச் சங்கிலியில்தான் படிக்கும். ரோஸ்மேரி தாய், ரேஞ்சர் அவள் போட்ட குட்டி. தாயின் அல்லது தகப்பனின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதே எழுத்தில் அந்த ஈற்றின் குட்டிகளுக்கெல்லாம் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். ஆக அந்தப் படம் பாடம் நடக்கும் படம்.

தாத்தா சாகும்வரை ஜோடிக் கணக்கை விடவில்லை. 'எத்தனை இட்லி வேணும்ப்பா?' என்று அம்மா கேட்டால் 'ரெண்டரை ஜோடி' என்பார். நாங்கள் ஐந்து என்று புரிந்துகொள்வோம். பேரப்பிள்ளைகள் நாங்கள் நாலரை ஜோடி.

இப்போது இந்த ஐயாவின் கடை. படியேறினால் ஒரே அறை, சன்னலோரமாகச் சாய்வு மேசை, வடக்கு வெளிச்சம். ஐயாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, அவருடைய அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தவராம். மகள் ஸ்கேனையும் கணினி வேலையையும் பார்க்கிறார், ஐயா கையால் வண்ணம் தீட்டுகிறார். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் கருப்பு வெள்ளைப் படத்துக்குப் பஞ்சு சுற்றிய குச்சியால் போட்டோ ஆயில் கலர் ஏற்றுவார்களே, அதே முறை. மூலப்படத்தின்மேல் கை வைக்கவே மாட்டார். காற்றூதும் ரப்பர் பந்தால் தூசு தட்டுவது மட்டும்தான். ஸ்கேன் எடுத்து, கறை கீறல்களைக் கணினியில் நிதானமாக நீக்கி, பளபளப்பில்லாத தாளில் கருப்பு வெள்ளையாகவே அச்செடுத்து, அந்த அச்சின்மேல்தான் வண்ணம்.

படத்தைக் கையில் வாங்கியதும் விலை சொல்லவில்லை. கண்ணில் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். நான் சங்கிலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, சோதித்துப் பார்ப்போமே என்று இருந்தேன்.

'அம்மா, இது கீறல் இல்ல போலிருக்கே. ரெண்டு கழுத்துக்கும் நடுவுல வளையம் வளையமா தெரியுது. சங்கிலியா?'

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆமாங்க ஐயா என்றேன்.

அப்புறம் அடுத்த கேள்வி. 'இந்தப் பெரிய நாய்க்கு மூக்கைச் சுத்தி வெள்ளையா இருக்கு. இது வெளிச்சம் பட்டதா, நரையா?' நரைதான் ஐயா, அது கிழநாய், பக்கத்தில் இருப்பது அதன் பிள்ளை. குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். முதல் கடையில் அந்த நரையைக் கருப்பாக்கி ரோஸ்மேரியை இளம்பெண் ஆக்கியிருந்தார்கள்.

அவர் முதலில் சிப்பிப்பாறையா என்றுதான் கேட்டார். தமிழர்கள் யாரிடம் காட்டினாலும் அந்தக் கேள்வி வரும், வேட்டை நாய் என்றால் நமக்கு நினைவு வருவது சிப்பிப்பாறையும் கன்னியும் ராஜபாளையமும்தானே. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் சாதி, அதனால்தான் ஒல்லி உடல், நீண்ட முகம், அம்பு மாதிரி பாய்ச்சல். ஃபாக்ஸ்ஹவுண்டு மூக்கால் வேட்டையாடும். நரி கண்ணில் பட வேண்டியதே இல்லை, போன தடத்தின் வாசம் போதும். அதற்கேற்ற அகன்ற மூக்குத்துளை, தொங்கும் காது, ஆழமான மார்பு, நேரான கனத்த முன்னங்கால். பாய்ச்சலைவிடத் தாக்குப்பிடிப்பதுதான் அதன் பலம், பல மணி நேரம் ஓடும். உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர், பீகிளைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அப்புறம் குரல். வாசம் கிடைத்த நாய் முதலில் ஒரு குரல் கொடுக்கும், அது நம்பத்தக்க நாய் என்றால் மற்றவை எல்லாம் ஓடிவந்து சேர்ந்துகொண்டு ஒரே நேரத்தில் குரல் எழுப்பும். பனி மூட்டத்தில் நாய் தெரியாது, குரல் மட்டும் மலை தாண்டி வரும், கோவில் மணிகளை எல்லாம் ஒன்றாக ஆட்டினது மாதிரி என்று தாத்தா சொல்வார். எந்தக் குரல் எந்த நாயுடையது என்று அவருக்குத் தெரியும். எழுபதைத் தாண்டிய பிறகும் நாற்காலியில் உட்கார்ந்தபடி ரோஸ்மேரியின் குரலை எழுப்பிக் காட்டுவார், அடித்தொண்டையிலிருந்து ஆரம்பித்து மேலே போய் உடையும்.

நிறத்துக்கு வந்தபோதுதான் ஐயா என்னைப் பிடித்து உட்காரவைத்தார். இந்தப் பகுதியை யாராவது புகைப்படப் பித்தர்கள் படித்தால் சந்தோஷப்படுவீர்கள். அந்தக் காலத்துப் பல ஃபிலிம்களுக்குச் சிவப்பு நிறம் தெரியாதாம். நீலமும் பச்சையும் பதியும், சிவப்பு பதியாது, அதனால் சிவப்புக் கலந்த பழுப்பு எல்லாம் கருப்புக்குப் பக்கத்தில் போய்விடும். படத்தில் நாயின் முதுகும் தலையும் ஒரே கருப்பாகத் தெரிவதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம், உண்மையில் முதுகு கருப்பாகவும் தலை பழுப்பாகவும் இருந்திருக்கும், எல்லை எங்கே, எந்தப் பழுப்பு, இது எனக்குத் தெரியாமல் தூரிகை தொட மாட்டேன், வீட்டில் கேட்டுக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார். பணமும் வாங்கவில்லை.

கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் இருக்கும் வீட்டில் அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். அப்பாவுக்கு எண்பத்தேழு. சாப்பாட்டு நேரம் ஞாபகம் இருக்காது, ஆனால் இது இருந்தது. 'முதுகுல சேணம் போட்ட மாதிரி கருப்பு. தலையும் காதும் பாக்கு நிறம். காலும் நெஞ்சும் வால் நுனியும் வெள்ளை. வால்னு சொல்லக் கூடாதாம், ஸ்டெர்ன்னுதான் சொல்லணுமாம், துரை அடிப்பாராம்.' பாக்கு நிறம் என்றால் எந்தப் பாக்கு அப்பா? 'கொட்டைப்பாக்கு இல்ல, களிப்பாக்கு. அதை உடைச்சா தெரியும் பாரு, அந்த நிறம்னு உங்க தாத்தா சொல்லுவாரு.'

அன்று இரவு உட்கார்ந்து தேடிப் படித்தபோது அந்தப் பாக்கு நிறத்துக்கு இங்கிலாந்தில் ஒரு பெயரே இருப்பது தெரிந்தது. பெல்வாயர் டேன், டேன் என்றால் பழுப்பு. பெல்வாயர் என்று எழுத்துக்கூட்டுவார்கள், ஆனால் உச்சரிப்பது பீவர். லெஸ்டர்ஷயரில் ரட்லண்டு பிரபுக்களின் கோட்டையைச் சேர்ந்த நாய்ப்பட்டி அது. கருப்புச் சேணம், வெள்ளைக் கால், ஆழ்ந்த செம்பழுப்புத் தலை, கூட்டம் முழுக்க ஒரே அச்சில் வார்த்த மாதிரி. 19ஆம் நூற்றாண்டில் மற்றப் பட்டிக்காரர்கள் எல்லாம் தங்கள் பெண் நாய்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்து அந்த ரத்தத்தை வாங்கினார்கள். இவர்கள் நாய்களின் வம்சத்தை எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் நம் ஊர்க் கோவில் மரபுரிமைக் கணக்கு தோற்றுப்போகும், பிராக்கிள்ஸ்பி என்ற பட்டியில் 1746இலிருந்து ஏடு இருக்கிறது. அப்புறம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எலும்பு கனக்கக் கனக்க வளர்க்க வேண்டும் என்று ஒரு மோகம் வந்து, நாய்கள் கனத்துப்போய் ஓட முடியாமல் ஆகி, அதைச் சரிசெய்ய வேல்ஸ் நாட்டு நாய்களின் ரத்தத்தைக் கலந்தார்கள். அதில் முன்னோடியான சர் எட்வர்டு கர் வளர்த்தவை ஏறக்குறைய வெள்ளை நாய்கள். ஆக 1934இல் ஃபாக்ஸ்ஹவுண்டு என்றால் வெள்ளையாகவும் இருக்கலாம், எலுமிச்சை நிறமாகவும் இருக்கலாம், பழைய முக்கலராகவும் இருக்கலாம். அப்பா ஞாபகம் வைத்திருந்திராவிட்டால் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அடுத்த வாரம் லிட்டில் இந்தியாவில் வெற்றிலைக் கடையில் களிப்பாக்கு ஐம்பது காசுக்கு வாங்கிக்கொண்டு மாடியேறினேன். ஐயா சிரிக்கவே இல்லை. பாக்குவெட்டி எடுத்து வந்து ஒரு பாக்கைப் பிளந்தார். ஒரு பாதியைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்தார், வெட்டுவாயில் கருஞ்சிவப்பும் அதில் ஓடும் வெளிர் நரம்பும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தட்டில் பழுப்பையும் சிவப்பையும் ஒரு துளி மஞ்சளையும் குச்சி முனையால் குழைத்துக் குழைத்து, பாக்கைப் பார்த்து, தட்டைப் பார்த்து, நாலாவது தடவைதான் தலையை ஆட்டினார். பாக்கு மரத்தின் பெயரைக் கொண்ட தீவில் உட்கார்ந்து, ஊட்டி நாயின் காதுக்குப் பாக்கு நிறம் கலக்கிறார் ஒரு மனிதர். அந்தக் காலை நேரத்துக்கே நான் கொடுத்த பணம் தகும்.

மூன்று வாரம் ஆனது. பத்துக்குப் பன்னிரண்டு அங்குல அச்சு, வண்ணம் எல்லாம் சேர்த்து 350 வெள்ளி, தேக்குச் சட்டமும் அமிலமில்லாத மவுண்ட் அட்டையும் தனியாக 120. முதல் கடையோடு ஒப்பிட்டால் விலை நாலைந்து மடங்கு, மறைக்கவில்லை. ஆனால் படத்தைப் பாருங்கள். சங்கிலியில் ஒவ்வொரு வளையமும் இருக்கிறது. ரோஸ்மேரியின் நரை இருக்கிறது. ரேஞ்சரின் முன்னங்காலில் ஒரு சின்னக் கருப்புப் புள்ளி, அழுக்கா மச்சமா என்று மகள் எனக்கு வாட்ஸ்அப்பில் பெரிதாக்கி அனுப்பிக் கேட்டார், எங்களுக்குத் தெரியாது என்றேன், தெரியாததை அழிக்க வேண்டாம் என்று விட்டுவைத்தார்கள். தாத்தாவின் சட்டைக்கு நிறமே ஏற்றவில்லை, மெல்லிய சாம்பல்தான், ஏனென்றால் அதன் நிறம் யாருக்கும் ஞாபகமில்லை. அந்த நேர்மைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

குறைகளும் உண்டு. படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற முடியாது, கீழேயிருந்து கூப்பிட்டால் மகள் இறங்கி வருகிறார். பகல் ஒன்றிலிருந்து மூன்றரை வரை மூடிவிடுவார்கள், நான் ஒரு தடவை பிறையிலிருந்து ஃபெரி பிடித்துப் போய் வெயிலில் நின்றேன். தொலைபேசியை எடுக்க மாட்டார்கள், செய்திக்குப் பதில் இரண்டு நாள் கழித்து வரும். ரொக்கம் மட்டும். வண்டி நிறுத்த இடமே இல்லை. சட்டத்துக்குக் கண்ணாடி சாதாரணம்தான், கண் கூசாத கண்ணாடி கேட்டேன், வைத்திருக்கவில்லை. அவசரமாகக் கல்யாண மண்டபத்தில் வைக்க வேண்டும், இறந்தவர் படம் நாளைக்கு வேண்டும் என்றால் இது உங்கள் கடை அல்ல.

ஐயா சொன்ன ஒன்றைக் கட்டாயம் எழுத வேண்டும். பினாங்கு ஈரத்துக்குப் படங்களில் பூஞ்சை வரும், ஒட்டும் பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைத்தவர்கள் முதலில் கவனியுங்கள், படத்தைப் பிய்க்காமல் ஆல்பத்தோடு அப்படியே கொண்டு வாருங்கள். ஓரத்தில் வெள்ளி மாதிரி பளபளப்பு தெரிந்தால் துடைக்காதீர்கள், அது படத்திலிருக்கும் வெள்ளியே மேலே வருவது.

நரி வேட்டை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதற்கு 2005 பிப்ரவரியிலிருந்து தடை, இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல், இரண்டும் நல்லதே. தாத்தாவும் நரி சாவதைப் பற்றி ஒரு நாளும் பெருமையாகப் பேசியதில்லை. அவர் பேசியது விடியற்காலையில் ஓட்ஸ் கஞ்சியும் இறைச்சியும் கொப்பரையில் கிண்டியதைப் பற்றி. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாராம், கூப்பிட்ட நாய் மட்டும் உள்ளே வரும், மற்றவை எச்சில் ஒழுக நின்றுகொண்டே இருக்கும், ஒன்றுகூட வாசலைத் தாண்டாது. ஓடமுடியாத வயது வந்த நாய்களை அந்தப் பட்டிகளில் சுட்டுவிடுவது வழக்கம். ரோஸ்மேரி என்ன ஆனாள் தாத்தா என்று நான் சின்னப் பிள்ளையாகக் கேட்டிருக்கிறேன். எழுந்து வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் கேட்டதில்லை.

படத்தை அப்பாவின் கட்டிலுக்கு எதிரே மாட்டினோம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். தாத்தாவின் முகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 'காது நிறம் சரியா இருக்கு' என்றார்.

அடுத்த மாதம் அத்தையின் கல்யாணப் படத்தைக் கொடுக்கப் போகிறேன், 1961இல் தண்ணீர்மலைக் கோவிலில் எடுத்தது. சேலை மயில்கழுத்து நிறம் என்கிறார்கள். அதன் முந்தானையில் ஒரு துண்டு இன்னும் அத்தையின் பெட்டியில் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொண்டுதான் மாடியேறுவேன்.